70-ஐ ஏன் 140 என்று எழுதுகிறோம்

வீட்டில் லேப்டாப் வைத்துக்கொண்டு பீட் செய்யப் பழகுகிற தம்பி ஒருவன், என் ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, டெம்போ 140ன்னு போட்டிருக்கு. ஆனா பாட்டு மெதுவாத்தானே போகுது? 70தானே வரணும்?" கேட்டுக்கொண்டே தலையாட்டினான். தலை ஆடியது 70-க்குத்தான். அவன் கேட்டதில் தவறில்லை, நான் போட்டிருந்ததிலும் தவறில்லை. இரண்டும் எப்படிச் சரியாகும் என்பதை நின்றபடி இரண்டு வரியில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெம்போ, அதாவது ஒரு நிமிடத்துக்கு எத்தனை தாள அடி (பிபிஎம்) என்று நாம் போடும் எண்ணைக் கேட்பவர் பார்ப்பதே இல்லை. 70 என்று வைத்துச் செய்த பீட்டையும் 140 என்று வைத்துச் செய்த பீட்டையும் காதுக்கு வேறுபாடே தெரியாமல் செய்துவிடலாம். ஆனால் செய்கிற ஆளுக்கு அந்த எண் பெரிய விஷயம். நம் கை எவ்வளவு பெரிய கட்டங்களுக்குள் நடமாடப் போகிறது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. கட்டம் மாறினால் கை மாறும், கை மாறினால் பீட்டும் மாறிவிடும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷின் 1980-ல் வந்தது. அதன் அடிப்பகுதியில் பதினாறு பட்டன்கள் வரிசையாக இருக்கும். நான்கு சிவப்பு, நான்கு ஆரஞ்சு, நான்கு மஞ்சள், நான்கு வெள்ளை. ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) நான்கு பீட் (இங்கே தாள அடி), பீட்டுக்கு நான்கு ஸ்டெப், அதாவது கட்டம். 1983-லேயே அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பதினாறு நிற்கவில்லை. 1990-களின் இறுதியில் பெல்ஜியத்திலிருந்து ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற பெயரில் வந்து, இன்று எஃப்.எல். ஸ்டுடியோவாக இருக்கும் மென்பொருளைத் திறந்தாலும் முன்னால் நிற்பது அதே பதினாறு கட்டங்கள்தான்.

இப்போது கணக்கு. 70 பிபிஎம்மில் ஒரு பீட் 857 மில்லி செகண்டு. அதை நான்காகப் பிரித்தால் ஒரு கட்டம் 214 மில்லி செகண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா பக்கத்து டிராப் (ஹிப்-ஹாப்பின் ஒரு வகை) பீட்டுகளில் ஹை-ஹாட் (சிறு சிம்பல் ஒலி) சடசடவென்று ஓடுகிறதே, அதற்கு இந்த இடைவெளி மிகப் பெரியது. இதில் பாதி அளவு இடைவெளி வேண்டும். 70-ல் அந்தப் பாதிக்குக் கட்டமே கிடையாது. ஒவ்வொரு முறையும் நோட்டுகளை வரையும் பியானோ ரோல் என்ற திரைக்குள் போய் கிரிட்டைச் சிறிதாக்கிக் கையால் வரைய வேண்டும். 140 என்று மாற்றினால் ஒரு கட்டம் 107 மில்லி செகண்டு. வேண்டிய பாதி கட்டமாகவே முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

செய்து பார்ப்போம். எஃப்.எல். ஸ்டுடியோவில் 140 வைத்துப் புதிய பேட்டர்ன் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். முதல் கட்டத்தில் கிக் (கனத்த அடி டிரம்). ஒன்பதாவது கட்டத்தில் கிளாப் (கைதட்டல் ஒலி). ஹை-ஹாட்டின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்தால் இரண்டு கட்டத்துக்கு ஒன்று வீதம் நிரப்பும் வசதி இருக்கிறது, அதைத் தட்டுங்கள். 1, 3, 5, 7 என்று எட்டு ஹை-ஹாட் விழுந்துவிடும். ப்ளே செய்தால் 70 வேகத்தில் ஒரு டிராப் பீட்டின் எலும்புக்கூடு ஓடத் தொடங்கும். கிளாப் இரண்டாம் பீட்டில் விழுவது போலக் காதுக்குக் கேட்கும், திரையிலோ அது மூன்றாம் பீட். இதைத்தான் ஹாஃப் டைம் என்கிறோம்.

அப்புறம் ரோல், அடிகளை நெருக்கி உருட்டுவது. 14, 16 ஆகிய கட்டங்களையும் நிரப்புங்கள். 13-லிருந்து 16 வரை நான்கு ஹை-ஹாட் இடைவெளி இல்லாமல் ஓடி அடுத்த கிக்கில் போய் மோதும். பியானோ ரோலுக்குப் போகாமலேயே ஒரு ரோல் கிடைத்துவிட்டது. இதற்கும் மேலே நுணுக்கம் வேண்டுமென்றால்தான் பியானோ ரோல். அங்கே பீட்டை ஆறாகப் பிரிக்கும் ஸ்னாப் வைத்தால் 71 மில்லி செகண்டுக்கு ஒன்று விழும். அந்த மூன்று மூன்றான உருட்டல்தான் டிராப் ஹை-ஹாட்டின் உயிர் என்று சொல்வேன். ரோலுக்குள் எல்லா அடியும் ஒரே பலத்தில் இருந்தால் தையல் மெஷின் ஓடுவது போல ஆகிவிடும். முதல் அடியை அழுத்தி, பின்னால் வருவதைப் படிப்படியாகக் குறைத்து, கடைசி ஒன்றை லேசாகத் தூக்குங்கள். வெலாசிட்டிக்கு (அடியின் பலத்துக்கு) செலவிடும் ஐந்து நிமிடம் டெம்போ எண்ணைவிட முக்கியமானது.

இதுவரை சொன்னது வசதி. வசதிக்காக மட்டும் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். இரட்டிப்பு டெம்போ பீட்டின் குணத்தையே மாற்றுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

70-ல் பதினாறு கட்டத்தைத் திறந்தால் ஒரு பார் கிட்டத்தட்ட மூன்றரை செகண்டு நீளம். கிளாப்புகள் 5, 13 ஆகிய இடங்களில் உட்கார்ந்துவிடும். நடுவில் கிக்கை எங்கெங்கே செருகலாம் என்று கை தேடும். பூம் பாப் பாணி ஹிப்-ஹாப்புக்கு அது பொருத்தமான தேடல். 140-ல் அதே பதினாறு கட்டங்கள் 1.7 செகண்டுதான். ஒரு கிக், ஒரு கிளாப் போட்டதுமே கண்ணுக்கு ஒரு பார் முடிந்த மாதிரி தெரிகிறது. கை நின்றுவிடுகிறது. அப்படி நின்ற இடத்தில் மிஞ்சும் வெறுமையில்தான் 808 பேஸ் (ஆழ்ந்த கீழ் ஒலி) நீளமாக இழுபட இடம் கிடைக்கிறது. நான் 70-ல் எழுதினால் கிக் நெருங்கி விழும், 140-ல் எழுதினால் விலகி விழும். இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தால் என் கண்ணுக்கே அது தெரிகிறது.

தெற்கு லண்டனின் கிராய்டன் பகுதியில் 2000-களின் தொடக்கத்தில் உருவான டப்ஸ்டெப் என்ற நடன இசையும் இந்த வெறுமையில் வளர்ந்ததுதான். எண் 140-ஐச் சுற்றி. ஸ்னேர் (கிளாப்பின் இடத்தில் விழும் டிரம்) மூன்றாம் பீட்டில் ஒரே ஒரு முறை. கீழே பேஸ் நகரும், மேலே ஹை-ஹாட்டும் சிறு தட்டல்களும் 140-இன் அவசரத்தில் ஓடும். உடம்பு 70-ல் அசையும், காது 140-ல் ஓடும். அதே நகரத்தின் கிரைம் இசையும் 140-தான். ஃப்ரூட்டி லூப்ஸைத் திறந்ததும் வரும் டெம்போ அப்போது 140-ஆக இருந்தது, அதை யாரும் மாற்றவில்லை, அதனால்தான் இந்த எண் நிலைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. முழுக் காரணம் அதுவாக இருக்காது என்றே நினைக்கிறேன். கராஜ் என்ற நடன இசையிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வேகம் ஏற்கெனவே பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் மென்பொருள் திறந்ததும் தரும் எண் நம்மை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு இந்தக் கதை நல்ல நினைவூட்டல். சிகாகோவின் ஃபுட்வொர்க் நடன இசையில் எண் 160-க்குப் போகிறது. அங்கும் 80-ஆகக் கேட்கும் இடங்களும் 160-ஆகப் பறக்கும் இடங்களும் ஒரே பாட்டுக்குள் மாறி மாறி வரும். ஆடுபவர்களின் கால்கள் அந்த இரண்டுக்கும் நடுவில் விளையாடுகின்றன.

பழைய மெஷின்களில் இரட்டிப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ரோஜர் லின் வடிவமைத்து அகாய் நிறுவனம் 1988-ல் வெளியிட்ட எம்பிசி60 என்ற மெஷின், ஒரு பீட்டை 96 டிக்காக (நுண் துண்டுகளாக) பிரிக்கும். 90 பிபிஎம்மில் ஒரு டிக் ஏறத்தாழ 7 மில்லி செகண்டு. நீங்கள் பேடில் தட்டுவது இரண்டு டிக்குக்கு நடுவில் விழுந்தால் மெஷின் அதைப் பக்கத்து டிக்குக்குத் தள்ளிவிடும். அதையே 180 என்று வைத்துத் தட்டினால் டிக் மூன்றரை மில்லி செகண்டாகச் சுருங்கும், கை தட்டியது தட்டியபடியே நிற்கும். இன்றைய மென்பொருள்களில் இந்தக் கவலைக்குப் பெரிய இடமில்லை. எஃப்.எல். ஸ்டுடியோ கூட வழக்கமாக 96-ல்தான் தொடங்கும், ஆனால் ப்ராஜெக்ட் செட்டிங்கில் அதை 960 வரை ஏற்றிக்கொள்ளலாம். பழைய ஹார்டுவேரில் வேலை செய்பவர்கள் மட்டும் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஸ்விங் பற்றி மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். இரட்டிப்புக்கு மாறுபவர்கள் அதிகம் திண்டாடுவது இங்கேதான்.

டிரம் மெஷினில் ஸ்விங் என்பதை நமக்குப் பழக்கியவரும் ரோஜர் லின்தான். ஜோடி ஜோடியாக வரும் ஸ்டெப்புகளில் இரண்டாவதைச் சற்றுத் தாமதப்படுத்துவது, அவ்வளவுதான். 50 சதவீதம் என்றால் இரண்டும் சமம். 66-ஐ நெருங்கினால் மூன்றில் இரண்டு, ஒன்று என்ற நடை வந்துவிடும். நடுவில் 54, 58 என்று இருக்கும் எண்களில்தான் தலையை ஆட்ட வைக்கும் சங்கதி இருக்கிறது. சரி, 90 பிபிஎம்மில் பதினாறில் ஒரு பங்கு ஸ்டெப்புகளுக்கு 58 சதவீதம் வைத்தால் என்ன நடக்கும்? ஒரு ஜோடியின் நீளம் 333 மில்லி செகண்டு. இரண்டாம் அடி 167-ல் விழுவதற்குப் பதில் 193-ல் விழும். 26, 27 மில்லி செகண்டு தாமதம். அந்தத் தாமதம்தான் பீட்டின் நடை.

இப்போது அதே பீட்டை 180-க்கு மாற்றி எழுதுங்கள். முன்பு 1, 2, 3, 4 என்ற கட்டங்களில் இருந்த ஹை-ஹாட் இப்போது 1, 3, 5, 7-ல் இருக்கும். ஸ்டெப் சீக்வென்சரின் (கட்ட வரிசையின்) ஸ்விங் தள்ளுவது 2, 4, 6, 8-ஐ. அதாவது காலியான கட்டங்களை. ஸ்விங் பட்டனைக் கோடி வரை திருகினாலும் ஹை-ஹாட் அசையாது. ரோல் போட்ட இடம் மட்டும் நொண்டும். ஸ்விங் போட்டும் பீட் ஏன் கட்டைபோல இருக்கிறது என்று நிறையப் பேர் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். டெம்போவை இரட்டித்தால் ஸ்விங்கையும் ஒரு படி மேலே, எட்டில் ஒரு பங்கு ஸ்டெப்புக்கு மாற்ற வேண்டும். ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளில் எட்டுக்குத் தனி, பதினாறுக்குத் தனி என்று குரூவ்கள் (ஸ்விங் அச்சுகள்) இருக்கின்றன. எட்டுக்கானதை எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. எஃப்.எல்.லின் கட்டங்களில் 3, 7, 11, 15 ஆகியவற்றைக் கிராஃப் எடிட்டரில் கையால் பின்னுக்குத் தள்ளலாம். நான் கையால் தள்ளுவதைத்தான் விரும்புகிறேன். நான்கையும் ஒரே அளவு தள்ளாமல், 15-ஐ மட்டும் கொஞ்சம் கூடத் தள்ளிப் பாருங்கள். அடுத்த பாருக்குள் பீட் சாய்ந்து நுழையும்.

டிலே (எதிரொலி), ஆர்பெஜியேட்டர் (சுரங்களை வரிசையாக ஒலிக்கவிடுவது), டெம்போவோடு பூட்டிய எதுவானாலும் இதே கதைதான். 70-ல் புள்ளி வைத்த (ஒன்றரை மடங்கான) எட்டில் ஒரு பங்கு டிலே வைத்திருந்தால், 140-ல் அது புள்ளி வைத்த கால் பங்காக வேண்டும். இரண்டுமே 643 மில்லி செகண்டு. மாற்ற மறந்தால் எதிரொலி இரண்டு மடங்கு அவசரமாக வந்து பாடலின் மேலே விழும். பேட்டர்ன் நீளமும் அப்படித்தான். நான்கு பார் எழுதியாயிற்று என்று 140-ல் நிறுத்தினால், கேட்பவரின் கணக்கில் அது இரண்டே பார். பாட்டு சீக்கிரம் சலித்துப் போகும். எட்டு பாருக்குக் குறையாமல் எழுதுங்கள்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது கற்றவர்களுக்கு இதெல்லாம் கேட்ட மாதிரியே இருக்கும். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடும்போது தாளம் போடும் கை அப்படியே இருக்கும், சுரம் இரட்டிக்கும். நாம் இங்கே செய்வது அதற்கு நேர் எதிர். சுரம் அப்படியே இருக்கிறது, கை இரட்டிக்கிறது. அதற்கும் அங்கே இடம் உண்டு, இரண்டு களை. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை போட்டுப் பதினாறாக எண்ணுவார்கள். சௌக்கமான கீர்த்தனைகளையும் பல்லவிகளையும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். இரண்டு எண்ணிக்கைக்கு நடுவில் இடைவெளி மிக நீண்டுவிட்டால் மனம் வழுக்கும், நடுவில் ஒரு பிடி வேண்டும். மெதுவான பாட்டுக்கு இரட்டிப்பு டெம்போ ஏன் உதவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் எல்லா மெதுவுக்கும் அந்தப் பிடி தேவையில்லை. பாடகர்களை ரெக்கார்டு செய்யும்போது இதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். 150 என்று போட்ட ப்ராஜெக்ட்டில் மெட்ரோனோமைத் திறந்துவிட்டால், 75-இன் நிதானத்தில் பாட வேண்டியவர் ஒவ்வொரு கிளிக்கிலும் ஒரு அசையைக் கொண்டுபோய் வைக்கத் தொடங்குகிறார். வரிகள் நெருக்கடியாகி மூச்சு முட்டுகிறது. நல்ல குரல், நல்ல தாள ஞானம் உள்ளவருக்கும் இது நடக்கிறது. அதனால் பாடுபவருக்கு நான் மெட்ரோனோமைத் தருவதில்லை. ஒரு ரிம்ஷாட் (டிரம்மின் விளிம்பில் அடிக்கும் ஒலி) சாம்பிளை எடுத்து 1, 9 ஆகிய கட்டங்களில் மட்டும் வைத்த தனி டிராக் ஒன்றை ஹெட்போனில் விடுகிறேன். அவருக்கு 75 கேட்கும், என் திரையில் 150 இருக்கும். பாட்டு 60-க்கும் கீழே போனால் மட்டும் 5, 13 ஆகிய இடங்களில் அதே ரிம்ஷாட்டைச் சன்னமாகச் சேர்ப்பேன். அந்த வேகத்தில் நடுப்பிடி உண்மையாகவே உதவுகிறது.

நம்ம ஊர்க் குத்துப் பாட்டுக்கு இது பயன்படுமா என்று தம்பி அடுத்துக் கேட்டான். பயன்படும், ஆனால் வேறு வழியில். டப்பாங்குத்தின் நடை பெரும்பாலும் திஸ்ரம், மூன்று மூன்றாக ஓடுவது. பீட்டை நான்காக வெட்டும் கட்டத்துக்குள் அதைத் திணித்தால், ஒவ்வொரு அடியும் கோட்டுக்கு வெளியே நிற்கும். டெம்போவை இரட்டித்தாலும் நான்கு எட்டாகுமே தவிர மூன்று வராது. கால் 100-ல் விழுகிற ஒரு குத்துப் பாட்டை எடுத்துக்கொள்வோம். பீட்டுக்கு மூன்று துடிப்பு, ஒவ்வொன்றும் 200 மில்லி செகண்டு. டெம்போவை 75 என்று வைத்தால் ஒரு கட்டம் சரியாக 200 மில்லி செகண்டு. பேட்டர்ன் நீளத்தைப் பதினாறிலிருந்து பன்னிரண்டாக்கினால் நான்கு பீட் கச்சிதமாக அடங்கும். 1, 4, 7, 10-ல் கால் விழும். இங்கேதான் இரட்டிப்பு வந்து சேர்கிறது. 75-ஐ 150 ஆக்கி, இருபத்து நான்கு கட்டங்கள் வைத்துக்கொண்டால், பறையில் பெரிய அடிகளுக்கு நடுவே குச்சிகள் பொடித்துவிட்டுப் போகும் அந்தச் சின்ன அடிகளுக்கும் கட்டம் கிடைத்துவிடும். திரையில் 150, காலுக்கு 100. முதலில் குழப்பமாக இருக்கும், ஒரு பாட்டு முடிவதற்குள் பழகிவிடும். இதைச் செய்பவர்கள் டிலேயையும் மெட்ரோனோமையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், அவை 150-ஐத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.

ஃபைல் அனுப்பும்போது இரண்டு எண்களையும் எழுதிவிடுங்கள், "140, ஹாஃப் டைம்" என்று. வாங்குபவர் மென்பொருளை நம்பி இருந்தால் அது 70 என்றும் சொல்லும், 140 என்றும் சொல்லும். வேகம் கண்டுபிடிக்கும் நிரல்களை ஆராய்பவர்களே, விடை இரு மடங்காகவோ பாதியாகவோ வந்தால் அதை ஏற்றுக்கொள்ளும் தனி மதிப்பெண் ஒன்று வைத்திருக்கிறார்கள். மனிதர்களிடமும் ஒரே பாட்டுக்கு ஒருவர் கால் மெதுவாகவும் இன்னொருவர் கால் வேகமாகவும் தட்டுவது சாதாரணம் என்பதால்தான் அந்த இடம். இந்த உறவால் ஒரு லாபமும் உண்டு. 87-ல் இருக்கும் ஹிப்-ஹாப் லூப், 174-ல் ஓடும் டிரம் அண்ட் பேஸ் ப்ராஜெக்ட்டுக்குள் இழுக்காமல் சுருக்காமல் அப்படியே பொருந்தும். ஏபிள்டன் லைவில் ஒலியின் வேகத்தை மாற்றும் வார்ப் பகுதியில் இரண்டால் பெருக்கவும் வகுக்கவும் பட்டன்களே இருக்கின்றன.

நான் இரட்டிப்பை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் கடைசியில் இதுதான். 140-ல் எழுதிய ஹாஃப் டைம் பீட்டில், பாட்டு பாதியில் ஒரு இடத்தில் கிளாப்பை 9-லிருந்து எடுத்து 5, 13-ல் வையுங்கள். கிக்கை 1, 9-ல் வையுங்கள். டெம்போவைத் தொடவில்லை, ஆட்டோமேஷன் எதுவும் இல்லை, ஆனாலும் பாட்டு இரு மடங்கு வேகத்தில் ஓடத் தொடங்கும். ஹை-ஹாட் முன்பு போலவே போய்க்கொண்டிருக்கும். பாடுபவரும் அதே இழுவையில் பாடிக்கொண்டிருப்பார், அவருக்குக் கீழே தரை மட்டும் ஓடும். கடைசிச் சரணத்துக்கு முன்னால் எட்டு பார் இதைச் செய்து, மறுபடி 9-க்குத் திரும்பிவிடுவது எனக்குப் பிடித்த அளவு. 70 என்று எழுதிய ப்ராஜெக்ட்டிலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் அங்கே கிளாப்புக்கு 3, 7, 11, 15 என்று இடம் தேட வேண்டும், ரோல்கள் எல்லாம் பியானோ ரோலுக்குள் புதைந்திருக்கும், இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே கண்ணில் படாது. 140-ல் அது நான்கு கட்டம் தள்ளி, கண் முன்னாலேயே இருக்கிறது.